சார்ஜருக்கு ஒரு விண்ணப்பம்

வீட்டில் புழங்கும் சாமான்களில் பேசத் தெரிந்தவை சில உண்டு. குக்கர் பேசும், மூன்று விசில் கொடுத்துவிட்டு, "இனிமேல் உன் பாடு" என்று அடங்கிவிடும். பால் பொங்குவதற்கு முன்னால் ஓரத்தில் நுரை கட்டிக் குறிப்புக் காட்டும். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால், ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்த்தால் போதும். மாவு மேலே வந்து பதில் சொல்லிவிடும். இப்படிப்பட்ட சாமான்களோடு ஒரு ஆயுசு முழுவதும் பேசிப் பழகிய ஒருவரிடம், கடுகளவு விளக்கு ஒன்றை மட்டும் காட்டி, "மற்றதை நீயே யூகித்துக்கொள்" என்று சொல்லுகிற சாமான் ஒன்று வந்து சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? அந்தச் சாமானைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதலாம் என்று உத்தேசம்.

அதன் பெயர் பாட்டரி சார்ஜர். மின்னேற்றி என்று தமிழில் நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருக் கடையில் போய், "மின்னேற்றி இருக்கிறதா?" என்று கேட்டால், கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லிஃப்ட் கம்பெனிக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார். ஆகையால் சார்ஜர் என்றே சொல்லுகிறேன். கைப்பேசிக்குப் போடுகிற சார்ஜர் அல்ல. 'டபுள் ஏ' என்றும் பென்டார்ச் செல் என்றும் சொல்லுகிற உருளைச் செல்களைப் படுக்கவைத்து, மறுபடியும் உயிர் ஊட்டுகிற சின்னப் பெட்டி.

இது அற்ப விஷயம் அல்லவா, நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் உள்ள செல்களை எல்லாம் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தேன். டெலிவிஷன் ரிமோட்டில் 2, அதன் பக்கத்துப் பெட்டியின் ரிமோட்டில் 2, ஏ.சி. ரிமோட்டில் 2, மூன்று சுவர்க் கடிகாரங்களில் 3, டார்ச் லைட்டில் 2, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் 4, பெண்ணின் பொம்மைப் பியானோவில் 3, கம்ப்யூட்டர் மௌஸில் 1. ஆக மொத்தம் 19. வீட்டில் மனிதர்கள் நாங்கள் மூன்று பேர்தான். பத்தொன்பது பேர் குடியிருக்கிற ஒரு வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு போடுகிற ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயமா என்று கேட்டேன். மனைவி பதில் சொல்லவில்லை. ஆனால் பொம்மைப் பியானோவுக்கு மட்டும் புதுச் செல் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். தீர்ந்த பாட்டரிக்குத் திரும்ப மின்சாரம் ஏற்றலாம் என்பதை 1859-ல் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளாந்தே என்பவர் ஈயத் தகடுகளை வைத்துக் காட்டினார். இன்றைக்கும் மோட்டார் வண்டிகளிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் இருப்பது பெரும்பாலும் அவருடைய பாட்டரியின் பேரப்பிள்ளைதான். 1899-ல் ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் நிக்கலையும் காட்மியத்தையும் சேர்த்து ஒன்று செய்தார். அது நெடுநாள் உழைத்தது. ஆனால் காட்மியம் விஷம். ஜப்பானில் ஜின்சு நதிக்கரை ஜனங்கள், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் கலந்த தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டு எலும்பு நொறுங்கி அவஸ்தைப்பட்ட கதையை உலகம் அறியும். அந்த வியாதியின் பெயரே அவர்கள் பாஷையில் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அர்த்தம். காட்மியத்துக்குப் பதிலாக, ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகக் கலவையைப் போட்டுச் செய்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1989 வாக்கில் கடைக்கு வந்தது. அதற்கும் ஒரு குறை இருந்தது. ஏற்றி வைத்துவிட்டுச் சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், யாரும் உபயோகிக்காமலே பாதி காலியாகியிருக்கும். 2005-ல் ஜப்பானிய சான்யோ கம்பெனியார் அந்தக் குறையையும் பெரும்பாலும் தீர்த்தார்கள். ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தாலும் முக்கால் பங்குக்கு மேல் மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும் செல்கள் வந்தன.

ஆக, செல் நல்ல பிள்ளையாகிவிட்டது. நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். ஆனால் அதைப் போஷிக்க வேண்டிய சார்ஜர், அநேகமாக நம் வீட்டுக்கு வருகிற மலிவுச் சார்ஜர், இன்னும் பழைய சுபாவத்திலேயே இருக்கிறது. அதற்குத்தான் இந்த விண்ணப்பம்.

செல்லுக்கு மின்சாரம் ஏற்றுவது பந்தியில் பரிமாறுவது போன்றது. பசித்து வந்தவர் முதலில் போடப் போடச் சாப்பிடுவார். வயிறு நிறைய நிறைய வேகம் குறையும். கடைசியில் இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் என்பார். செல்லும் அப்படியே கை காட்டுகிறது. ஏற ஏற அதன் வோல்டேஜ் மெதுவாக உயர்ந்துகொண்டே போகும். நிறைந்ததும் உயர்வது நின்று ஒரு சிறிது இறங்கும். அந்த இறக்கம் ஒரு வோல்டில் 200-ல் ஒரு பங்கு அளவே இருக்கும். பழைய காட்மியம் செல் இதைவிடத் தாராளமாகவே கை காட்டும். இந்தப் புதிய செல் சங்கோசக்காரர், விரலை மட்டும் லேசாக அசைப்பார். நல்ல சார்ஜர் அதைக் கவனித்து நிறுத்திவிடும். கவனிக்காத சார்ஜர் மேலே மேலே போட்டுக்கொண்டிருக்கும். நிறைந்த செல்லுக்குள் போகிற மின்சாரம் அங்கே தங்காது, சூடாக மாறும். சார்ஜரிலிருந்து செல்லை எடுக்கும்போது சுடச்சுட இட்லி போல் இருந்தால், அதற்கு அஜீரணம் என்று அர்த்தம். பல தடவை அப்படி ஆனால் அதன் ஆயுசு குறைகிறது.

சில சார்ஜர்கள் செல்லின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பரிமாறுகின்றன. இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு. அது முடிந்ததும் நிறுத்திவிடும். கரண்ட் நிற்காத தேசத்தில் இது ஒருவாறு சரிதான். நம் ஊரில்? 2012-ஆம் வருஷம் தமிழ்நாட்டு மாவட்டங்களில் கரண்ட் மணிக்கணக்காகப் போய் வந்துகொண்டிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு நிலைமை எவ்வளவோ தேவலை என்றாலும், ஒரு மழை பெய்தால், ஒரு மரக்கிளை கம்பியில் உரசினால் ஐந்து நிமிஷம் போய் வருவது உண்டு. போய் வந்ததும் அந்தச் சார்ஜரின் கணக்கு மறந்துபோகும்; முக்கால்வாசி சாப்பிட்டவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சாதம், சாம்பார் என்று ஆரம்பிக்கும். ஆகையால் என் முதல் கோரிக்கை இது: கடிகாரத்தைப் பார்க்காமல் செல்லைப் பார்த்து நிறுத்தட்டும். கடிகாரமும் சூடு அறியும் கருவியும் அதற்குத் துணையாக மட்டும் இருக்கட்டும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். நிறைந்த பிறகு மறுநாள் வரை சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்காமல் ஓய்ந்து இருக்கட்டும்.

இரண்டாவது கோரிக்கைக்குக் காரணமானவர் எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பெரியவர். இப்போது ரேடியோ கொண்டுவருகிறவர்கள் குறைவு. மிக்ஸியும் மின்விசிறியும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. ஒருநாள் எட்டுச் செல்களைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"எல்லாம் போச்சு ஐயா. எங்கே போடறதுன்னு கேட்க வந்தேன்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மீட்டரை எடுத்தார். ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்து இரண்டு வரிசையாக அடுக்கினார். ஒரு வரிசையில் மூன்று, இன்னொன்றில் ஐந்து.

"இந்த அஞ்சும் நல்ல செல் சார். மூணுதான் சரியில்லை. ஜோடி ஜோடியாப் போட்டீங்களா?"

"அந்தச் சார்ஜர் அப்படித்தானே வாங்குது?"

"அதான் விஷயம். பொண்ணு தங்கமான பொண்ணு, மாப்பிள்ளை சரியில்லை. ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பார்த்துட்டு, குடும்பமே உருப்படாதுன்னு நீங்க முடிவு கட்டிட்டீங்க!"

சிரித்துக்கொண்டே அவர் சொன்னதில் பௌதிகம் முழுவதும் இருந்தது. மலிவுச் சார்ஜர்களில் பல, இரண்டு செல்லை வரிசையாக இணைத்து ஒன்றாகவே ஏற்றுகின்றன. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இலை, ஒரே விளக்கு. ஒன்று முக்கால் நிறைந்தும் மற்றொன்று காலியாகவும் உள்ளே போனால், முதலாவது நிறைந்து சூடேறுகிற நேரத்தில் இரண்டாவது அரை வயிற்றோடு இருக்கும். இந்தச் செல்களை டார்ச்சில் போட்டால் அங்கேயும் இதே கதை. பலவீனமானது முதலில் தீர்ந்துவிடும். பலமுள்ளது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக்கப் பார்க்கும். அதற்குப் பிறகு அந்தப் பலவீனம் நிரந்தரம். இப்படி ஒன்று கெட்டு மற்றொன்றையும் குப்பைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. எத்தனை வீடுகளில் எத்தனை நல்ல செல்கள் ஜோடியின் பாவத்துக்காகக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஆகவே, ஒவ்வொரு செல்லுக்கும் தனி அறை, தனி விசாரணை, தனி விளக்கு வேண்டும். ஒன்று போட்டாலும் ஏற வேண்டும். மூன்று போட்டாலும் ஏற வேண்டும். கடிகாரத்துக்கு ஒன்றும் பியானோவுக்கு மூன்றும் தேவைப்படுகிற உலகத்தில், சார்ஜர் மட்டும் இரட்டைப்படைக்குப் பிடிவாதம் பிடிப்பது நியாயம் இல்லை.

இனி, பெட்டியின் உருவம். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டு இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். நெஞ்சு உயரத்தில், கீழே மேஜையோ பலகையோ இல்லாத சுவரில் இருக்கும். சார்ஜரைச் செய்கிறவர் இந்தச் சுவரை ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பின்னையும் பெட்டியையும் ஒன்றாகச் செய்து, நாலு செல்லின் கனத்தையும் அதன் மேல் ஏற்றி, துவாரம் தளர்ந்த பிளக்கில் தொங்கவிடச் சொல்லுகிறார். கொஞ்ச நேரத்தில் அது தலை குனிந்துவிடும். விளக்கு அணைந்துவிடும். நாம் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, நிறைந்ததனால் அணைந்ததா, குனிந்ததனால் அணைந்ததா என்று ஆராய்ச்சி பண்ண வேண்டும். பலகையில் நாலு துவாரம் உள்ள நீட்டு வயரில் சொருகினாலோ, அகலமான உடம்பால் பக்கத்து இரண்டு துவாரங்களையும் மறைத்துக்கொண்டு உட்காரும்; ரயிலில் மூன்று பேர் இடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிற ஆசாமியைப் போல.

பெட்டி வேறு, பின் வேறு என்று பிரித்து, நடுவில் ஒரு கஜம் வயர் கொடுத்தால் போதும். சுவரில் ஆணியில் மாட்ட முதுகில் ஒரு துவாரம் வேண்டும். இப்போது கைப்பேசிகளுக்கெல்லாம் 'டைப் சி' என்ற ஒரே மாதிரி வாய் வந்துவிட்டது. ஐரோப்பிய யூனியன் தேசங்களில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசி, காமிரா முதலியவற்றுக்கு அந்த வாய் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. நம் செல் சார்ஜருக்கும் அந்த வாயை வைத்துவிட்டால், வீட்டில் ஏற்கனவே இருக்கிற கைப்பேசிப் பின்னிலேயே சொருகிக்கொள்ளலாம். சில சார்ஜர்களில் அப்படி வந்தும் இருக்கிறது, எல்லாவற்றிலும் வரட்டும்.

செல்லை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவைப்பது என்பதும் ஒரு பிரச்னை. கறுப்புப் பிளாஸ்டிக்கில், கறுப்பிலேயே, நகக்கண் அளவில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அச்சாகியிருக்கும். பகலில் ஜன்னல் ஓரமாக எடுத்துக்கொண்டு போய்ச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அதை வெள்ளையில், சுண்டுவிரல் அகலத்துக்குப் போட்டால் கூடுதலாக எவ்வளவு செலவாகிவிடும்? இன்னும் நல்லது, தலையைத் திருப்பி வைத்தால் தகடு தொடவே முடியாதபடி குழியை அமைத்துவிடுவது.

வெயிலையும் சொல்ல வேண்டும். இந்தச் செல்களுக்குச் சூட்டில் சாப்பாடு ஏறாது. 40, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள் என்று செல் செய்கிறவர்களே சொல்லுகிறார்கள். சித்திரை வைகாசியில் வேலூரிலும் கரூரிலும் வீட்டுக்கு வெளியிலேயே அந்த 40 இருக்கிறது. சூட்டில் செல் கை காட்டுவது இன்னும் மங்கலாகிவிடும். ஆகையால் செல்களை ஒட்டி அடுக்காமல் நடுவில் காற்றுப் போக இடம் விட்டும், பெட்டியின் அடியில் கண் வைத்தும் செய்வது நம் சீமைக்கு மிகவும் அவசியம்.

இதுவரை சொன்னவை எல்லாம் சௌகரியத்தைப் பற்றியவை. இப்போது சொல்லப்போவது வேறு.

என் தாயார் மன்னார்குடியில் தனியாக இருக்கிறாள். தகப்பனார் காலமான பிறகு எங்களோடு வந்துவிடும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று. கிணற்றடியும் எதிர் வீட்டு மனுஷர்களும் அவளை விடவில்லை. அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அழுத்தம் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நாலு செல் போடும் கருவி ஒன்று வைத்திருக்கிறாள். அடிக்கடி கடைக்குப் போக வேண்டாம் என்று, ஏற்றி ஏற்றிப் போடுகிற செல்லும் ஒரு சார்ஜரும் போன வருஷம் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சார்ஜர் எந்தக் கம்பெனியுடையது என்பது வேண்டாம்.

ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அழகான கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் தேதி. பக்கத்தில் இரண்டு எண்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எட்டு நாள் தேதி இருந்தது, எண் இல்லை.

"இது என்னம்மா, எட்டு நாள் வெறுமனே இருக்கு?"

"செல் அந்தப் பெட்டிக்குள்ளே இருந்தது."

"எட்டு நாளா?"

"கண் சிமிட்டிக்கிட்டே இருந்தது தம்பி. நின்னு எரிஞ்சா எடுக்கலாம்னு எதிர் வீட்டுப் பையன் காகிதத்தைப் படிச்சுச் சொன்னான். அது நிக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் அவனே கடையிலே போய் வேற செல் வாங்கிட்டு வந்து போட்டுக் கொடுத்தான்."

பெட்டியோடு வந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரே இங்கிலீஷ். மெதுவாகச் சிமிட்டினால் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகமாகச் சிமிட்டினால் செல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். நின்று எரிந்தால் முடிந்தது. நாலில் ஒரு செல் கெட்டிருக்கிறது. அதைத்தான் அந்த விளக்கு எட்டு நாளும் ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"வேகமாச் சிமிட்டினா செல் கெட்டதுன்னு போட்டிருக்கும்மா. மெதுவாச் சிமிட்டினாத்தான் ஏறுதுன்னு அர்த்தம்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"எதோட வச்சுப் பாத்து வேகம்னு சொல்றது?" என்றாள்.

நான் அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அதற்குப் பதில் அதில் இல்லை. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் கேட்க வேண்டிய கேள்வி அது. மெதுவானது எது என்று பார்த்திராதவளுக்கு வேகமானது எது என்று எப்படித் தெரியும்? அவள் கண்டது ஒரே ஒரு சிமிட்டல்தான்.

"அது என்னவோ சொல்லுது, எனக்குத்தான் புரிஞ்சுக்கத் தெரியலை" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

எட்டு நாள் அழுத்தம் பார்க்காததனால் நல்ல வேளையாக ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஆனால் 'எனக்குத்தான்' என்ற அந்த வார்த்தை என்னை விடவில்லை. எண்ணெயின் வாசனையிலேயே முறுக்கின் பதம் சொல்லக்கூடியவள். குடும்பத்தின் நாற்பது வருஷத்துக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதிவைத்திருப்பவள். அப்படிப்பட்டவளைத் தனக்குத்தான் புத்தி போதாது என்று நினைக்கவைக்க ஒரு கடுகு விளக்குக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? குறை அவளிடம் இல்லை. மூன்று வெவ்வேறு செய்திகளை ஒரே வாயால், ஒரே எழுத்தால் சொல்ல வைத்தவர்களிடம் இருக்கிறது. எட்டு நாளும் தேதியை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறாளே, அவள் தன் கடமையில் ஒரு நாளும் தவறவில்லை.

வயதான தகப்பன் தாய் ஊரிலும், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பதுமாக நம் குடும்பங்களில் எத்தனையோ ஆகிவிட்டன. அவர்கள் யார் தயவும் இல்லாமல் தனியாக இருக்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறோம். அந்தத் தனிமை இந்த மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகளின் தயவில்தான் நடக்கிறது. பெட்டி புரியும்படி பேசினால் அவர்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள். புரியாமல் பேசினால் எதிர் வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறவரை காத்திருக்கிறார்கள். ஆகையால்தான், விளக்குப் போதாது, வார்த்தை வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு செல்லுக்கும் எதிரே மூன்று விளக்குகள். ஒன்றின் கீழ் 'ஏறுகிறது'. ஒன்றின் கீழ் 'நிறைந்தது'. ஒன்றின் கீழ் 'கெட்டது'. எது எரிகிறதோ அதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். சிமிட்டலும் வேண்டாம், சிவப்பு பச்சை என்ற நிறப் பரீட்சையும் வேண்டாம். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு அந்த இரண்டு நிறமும் பிறவியிலேயே ஒன்றுபோல் தெரியும். அதையும் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கிற பெட்டியில் தமிழில் அச்சிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அச்சடிக்கச் சிரமம் என்றால், பாஷைக்கு ஒன்றாக ஒட்டுக் காகிதமாவது உள்ளே வைக்கட்டும்.

பொழுதுபோக்காகவே இந்தச் செல்களை ஆராய்கிறவர்களுக்கென்று உயர்ந்த ரகச் சார்ஜர்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றில் சின்னத் திரை உண்டு; வோல்டேஜும் மில்லி ஆம்பியரும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு செல்லை முழுவதும் ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றி, அதில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து சொல்லவும் செய்யும். மேலே 2,000 என்று போட்ட செல் 900 மட்டுமே பிடிக்கிறது என்றால், அதற்கு வயதாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மிகவும் நல்ல வசதிதான். ஆனால் அதற்கு நாலு பொத்தான். ஒவ்வொரு பொத்தானுக்கும் அமுக்கினால் ஒரு அர்த்தம், அமுக்கிப் பிடித்தால் இன்னொரு அர்த்தம். உலகத்தில் ஒன்றுமே சொல்லாத சார்ஜர் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லுகிற சார்ஜர் இருக்கிறது. வேண்டியதை மட்டும் சொல்லுகிற சார்ஜர்தான் இல்லை. அளந்து பார்க்கிற அந்த அறிவை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெளியே 'நல்லது', 'வயதானது' என்று மட்டும் சொன்னால் குடும்பத்துக்கு அது போதும்.

பத்திரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரே உயரம், ஒரே பருமன் உள்ள செல்கள் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. கடையில் பதினைந்து இருபது ரூபாய்க்கு வாங்குகிற சாதாச் செல்லைச் சார்ஜரில் போட்டால் அது சூடேறிக் கசிந்துவிடும். அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்றும் உண்டு. அதை இந்தச் சார்ஜரிலும் போடக் கூடாது, டெலிவிஷன் ரிமோட்டிலும் போடக் கூடாது. வந்தவர் யார் என்று வாசலிலேயே விசாரித்து, ஆகாதவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பத் தெரிந்த சார்ஜர்கள் இருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அது அலங்காரம் அல்ல, அவசியம். ஆனால் இந்த விசாரணையில் ஒரு தொந்தரவும் உண்டு. மறந்துபோய் டார்ச்சை ஏற்றியபடி விட்டுவிட்டால், செல் அடியோடு காலியாகி வோல்டேஜ் மிகவும் இறங்கிவிடும். அதைப் புத்திசாலிச் சார்ஜர் செல் என்றே ஒப்புக்கொள்ளாது. மலிவுச் சார்ஜரோ கேள்வி கேட்காமல் உயிர் கொடுத்துவிடும். பட்டினியால் மயங்கி விழுந்தவரைச் செத்தவர் என்று தள்ளாமல், முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்துப் பார்க்கிற கருணை புத்திசாலிக்கும் வேண்டும்.

கருணைக்கும் எல்லை உண்டு. உண்மையிலேயே கெட்டுப்போன செல்லை எங்கே போடுவது? குப்பையில் போடக் கூடாது. 2022-ல் மத்திய அரசாங்கம் கொண்டுவந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பாட்டரி செய்து விற்கிறவர்களே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டுவரப் பொறுப்பாளிகள். சட்டம் நல்ல சட்டம். அது எங்கள் தெருவரையில் நடந்து வர வேண்டும். செல் விற்கிற கடையிலேயே ஒரு டப்பா வைத்து, சார்ஜரின் முதுகில் 'கெட்ட செல்லைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்' என்று ஒரு வரி அச்சடித்தால் பாதி வேலை முடிந்தது. ரிப்பேர்க் கடைப் பெரியவர் என்னிடம் வாங்கிய மூன்று செல்களும் இன்னும் அவர் மேஜையடியில் ஒரு பிஸ்கட் டின்னில்தான் இருக்கின்றன. வாங்கிக்கொள்ள யாராவது வருவார்கள் என்று அவர் நம்புகிறார்.

நான் கேட்ட எதுவும் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டிய அதிசயம் அல்ல. தனித்தனியாக ஏற்றுவது ஒரு பெட்டியில் இருக்கிறது. கை காட்டியதும் நிறுத்துவது பலவற்றில் இருக்கிறது. டைப் சி வாய் சிலவற்றில் இருக்கிறது. அளந்து பார்ப்பது விலை உயர்ந்ததில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்கிறவர், படத்தைப் பலகையில் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை பஸ் ஏறி ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய், தனியாக இருக்கிற ஒரு பாட்டியம்மாள் கையில் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

என் கோரிக்கைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறைவேற்ற முடியாது, ஒன்றுதான் ஆகும் என்று சொன்னால், வயர், துவாரம், டைப் சி, காற்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயார். அந்த மூன்று வார்த்தைகளை மட்டும் போட்டுக் கொடுங்கள்: ஏறுகிறது, நிறைந்தது, கெட்டது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.